டாப்பெட் கவருக்கு மறுபடி வண்ணம் பூசுவது எப்படி? அதன் மேல் எழும்பி நிற்கும் எழுத்துகளை என்ன செய்வது?

தண்டையார்பேட்டை எஸ்டீம்:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 2000-ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி எஸ்டீம் காரை இன்றும் நான் ஓட்டி வருகிறேன். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் பானெட்டைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படும், எஞ்சினின் உச்சியை மூடும் டாப்பெட் கவர் மட்டும் பார்க்கவே மனம் வருந்தும்படி ஆகிவிட்டது. (சில பட்டறைகளில் இதையே வால்வு கவர், ஹெட் கவர் என்றும் சொல்கிறார்கள்.)

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் ஆயில் கசிவுக்காகக் கேஸ்கெட் (கவரின் ஓரத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர்) மாற்றியபோது, நான் கேட்காமலேயே அந்தக் கவருக்குப் பிரஷ்ஷால் சில்வர் பெயின்ட் பூசிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. நான்கு மாதத்திற்குள் ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றிப் பெயின்ட் இளகி, துணியால் துடைத்தால் துணியோடு வந்துவிட்டது. மற்ற இடங்களில் அப்பளம்போல் எழும்பி உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பு தடவியது போன்ற வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தமானது எழுத்துகளின் நிலைதான். வார்ப்பிலேயே மேடாக எழும்பி நிற்கும் அந்த எழுத்துகளின் அடியோரங்களில் பெயின்ட் தேங்கி உறைந்துவிட்டதால், கூர்மையாக இருந்த விளிம்புகள் எல்லாம் மெழுகு உருகி வழிந்ததுபோல் மழுங்கித் தெரிகின்றன. சிறு வயதில் தந்தையாரின் அருகில் நின்று அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தவன் நான்.

இப்போது அதைக் கழற்றி, பழைய பெயின்ட்டை முழுவதும் எடுத்துவிட்டு, கவருக்குக் கறுப்பும் எழுத்துகளுக்கு வெள்ளியும் வரும்படி செய்ய விரும்புகிறேன். காஸ்டிக் சோடாவில் ஓர் இரவு ஊறவைத்தால் எல்லாம் கழன்றுவிடும் என்று ஒருவர் சொல்கிறார். சாண்ட் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணலை அடித்துச் சுத்தம் செய்வது) செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலை என்று இன்னொருவர் சொல்கிறார். எழுத்துகளுக்குச் சேதமில்லாமல் பெயின்ட்டை எடுப்பது எப்படி, எந்தப் பெயின்ட் அந்தச் சூட்டையும் ஆயிலையும் தாங்கும், எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்து உலோகமாகவே பளபளக்க விட்டுவிடலாமா அல்லது தனியே பூச வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டும். வீடு கடற்கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடி பட்டறை:

நண்பரே, வேறு எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு சிறிய காந்தத்தை அந்தக் கவரின் மேல் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் சோடாவை அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. பழைய கார்களில் இருக்கும் இரும்புத் தகட்டுக் கவரை அதில் ஊறவைத்துப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். கரைக்கும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு நுரைத்து வெளியேறும். ஓர் இரவு ஊறினால் பெயின்ட்டோடு நீங்கள் விரும்பும் எழுத்துகளின் விளிம்பும், கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தின் சமதளமும் சேர்ந்து போய்விடும்.

சாண்ட் பிளாஸ்டிங்கில் வேறொரு ஆபத்து இருக்கிறது. கவரைத் திருப்பி உள்பக்கம் பார்த்தால், பல எஞ்சின்களில் ஒரு மெல்லிய தகடு திருகியோ ரிவெட் அடித்தோ பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினிலிருந்து எழும் ஆவியில் கலந்துவரும் ஆயிலைத் தடுத்து, ஆவியை மட்டும் குழாய்க்கு அனுப்புவதற்காக வைக்கப்பட்ட தகடு அது. அதற்குப் பின்னால் ஓர் அறை உண்டு. பிளாஸ்டிங் மணல் அந்த அறைக்குள் புகுந்தால் எவ்வளவு ஊதினாலும் கழுவினாலும் முழுவதும் வெளியே வராது. ஆயில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். எஞ்சின் சூடாகி ஆயில் தெறிக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு மணியாகக் கீழே இறங்கி, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் பேரிங்குகளையும் உராய்ந்து தின்றுவிடும். தகட்டைக் கழற்றிவிட்டுச் செய்ய முடியும் என்றால் மட்டுமே பிளாஸ்டிங் செய்யலாம். ரிவெட் அடித்த தகடாக இருந்தால் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். தோற்றத்துக்காகச் செய்யும் ஒரு வேலைக்கு எஞ்சினைப் பணயம் வைக்காதீர்கள்.

கவரைக் கழற்றியவுடன் திறந்திருக்கும் ஹெட்டின் (கவருக்குக் கீழுள்ள எஞ்சின் பகுதியின்) மேல் பஞ்சு உதிராத சுத்தமான துணியை விரித்து, அதன் மேல் ஒரு பாலித்தீன் தாளைக் கட்டிவிடுங்கள். வேலை ஒரு வாரம் நீளும். நம் பகுதியில் லாரிகள் கிளப்பும் தூசிக்கு ஒரு நாள் போதும்.

பெரம்பூர் வண்ணக்காரர்:

தம்பி, நான் ரயில் பெட்டிகளுக்கும் பிறகு கார்களுக்குமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெயின்ட் அடித்தவன். உங்கள் பெயின்ட் உரிந்ததற்குப் பெயின்ட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு வெவ்வேறு குறைகள் தெரிகின்றன. அவற்றைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஆயில் மூடியைச் சுற்றி இளகியது முதல் குறை. ‘ஹீட் ப்ரூஃப் சில்வர்’ என்று கடைகளில் கொடுக்கும் சைலன்சர் பெயின்ட்டில் பெரும்பாலானவை சிலிகான் பிசினால் ஆனவை. அவை ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் சிறிது நேரம் வெந்தால்தான் முழுமையாக இறுகும். சைலன்சரில் பூசினால் அந்தச் சூடு தானாகவே கிடைத்துவிடும். டாப்பெட் கவரோ ஆயிலும் கூலன்ட்டும் எட்டும் சூட்டளவைத்தான் எட்டும்; 100 டிகிரியை ஒட்டிய சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும், அந்தப் பெயின்ட் கவரின் மேல் கடைசிவரை வேகாமல் பச்சையாகவே இருக்கும். ஆயிலோ பெட்ரோலோ பட்டால் கரையும். பழைய டூக்கோ பெயின்ட்டும் இதே காரணத்தால் கூடாது. அதைத் தின்னர் மட்டுமல்ல, பெட்ரோலும் இளக்கிவிடும். கவருக்குத் தேவை அதிகச் சூட்டைத் தாங்கும் பெயின்ட் அல்ல. மிதமான சூட்டோடு ஆயிலையும் தாங்கும் பெயின்ட். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் அல்லது எஞ்சினுக்கென்றே விற்கும் எனாமல், இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்பளம்போல் எழும்பியது இரண்டாவது குறை. அது அடித்தளத்தின் குறை. அலுமினியத்தின் மேல் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. அதற்கென உள்ள, உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமரை மெல்லியதாக ஒரு கை அடித்த பிறகே மற்றவற்றை அடிக்க வேண்டும். அதற்கும் முன்பாக உலோகத்திலிருந்து ஆயிலும் உப்பும் முழுமையாக வெளியேற வேண்டும். எல்லோரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலில் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ஆனால் மண்ணெண்ணெயும் ஒரு பிசுக்கை விட்டுச் செல்லும் என்பதால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைக் கொதிநீரில் கலந்து இரண்டு முறை தேய்த்துக் கழுவி, கவரைக் கடும் வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிப்போயிருக்கும் ஆயில் சூட்டில் வியர்த்து வெளியே வரும், மறுபடி கழுவுங்கள். பிறகு பெயின்ட் ரிமூவரைத் தடவி, காய்ந்துபோகாமல் இருக்கப் பாலித்தீன் தாளால் மூடி, இருபது நிமிடம் கழித்துச் சுரண்டுங்கள். கனமான ரப்பர் கையுறை இல்லாமல் ரிமூவரைத் தொடாதீர்கள். வீட்டுக்குள்ளும் அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

எழுத்துகளின் அடியோரத்தில் ஸ்குரூ டிரைவர் முனையையோ கத்தியையோ வைக்கக் கூடாது. மூங்கில் குச்சியை உளிபோல் சீவி எடுத்துக்கொள்ளுங்கள். ரிமூவரில் இளகிய பெயின்ட்டை மூங்கில் வழித்து எடுக்கும், அலுமினியத்தில் கீறல் போடாது. முனை மழுங்க மழுங்கச் சீவிக்கொண்டே இருக்கலாம். மிச்சத்தைப் பித்தளைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து பின்னால் துருப்புள்ளிகளாகப் பூக்கும்.

வெள்ளைப் பொடி பூத்த இடங்களை 180 எண் வாட்டர் பேப்பரால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, பிறகு கவர் முழுவதையும் 320 எண் தாளால் ஒரே சீராகத் தேயுங்கள். கண்ணாடிபோல் வழவழப்பாக்க வேண்டாம். பிரைமர் பிடித்துக்கொள்ளச் சற்றுச் சொரசொரப்பு வேண்டும். சிறு குழிகள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கார் பாடியில் பள்ளம் நிரப்பப் போடும் பட்டியை (புட்டி) இந்தச் சூட்டில் நம்ப முடியாது.

நம் பகுதிக்கென்றே ஒரு செய்தி. கடைசியாகக் கழுவும் தண்ணீர் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் பல வீடுகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கிறது. அந்தத் தண்ணீர் காய்ந்தால் உலோகத்தின் மேல் உப்பு மெல்லியதாகப் படியும். அதன் மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும். குடிக்கும் கேன் தண்ணீரில் ஐந்து லிட்டர் செலவழித்துக் கடைசிக் கழுவலைச் செய்யுங்கள். அப்போதே ஒரு சோதனையும் செய்துவிடலாம்: தண்ணீர் தாமரை இலையில் உருள்வதுபோல் முத்து முத்தாக நின்றால் இன்னும் ஆயில் இருக்கிறது என்று பொருள், ஒரே தாளாகப் பரவி வழிந்தால் சுத்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு நாள் திறந்து கிடந்தால் கடற்காற்று மறுபடியும் தன் வேலையைக் காட்டிவிடும்.

பெயின்ட் அடிப்பதற்குக் காலை பத்து மணியிலிருந்து நண்பகல்வரை நல்ல நேரம். விடியற்காலையில் ஈரப்பதம் அதிகம். பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கனமாக ஒரே கையில் அடிக்காமல், பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கைகளாக அடித்தால் எழுத்துகளின் ஓரத்தில் பெயின்ட் தேங்காது. உங்கள் எழுத்துகள் மழுங்கியதற்குக் காரணம் பிரஷ்ஷில் கனமாக எடுத்துப் பூசியதுதான். பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. ஆகவே தயாரிப்பு வேலைகளை நீங்கள் வீட்டில் செய்துவிட்டு, அடிக்கும் வேலையை மட்டும் ஸ்பிரே பூத் (பெயின்ட் அடிப்பதற்கென்றே உள்ள அறை) உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ராயபுரம் கடற்காற்று:

பெரம்பூர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. எழுத்துகளைப் பற்றி மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன்.

கவர் முழுவதும் கறுப்பு அடித்து, காய்ந்த பிறகு எழுத்துகளின் மேல்முகத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து உலோகத்தை வெளியே கொண்டுவந்து, மேலே கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடிப்பதுதான் இணையத்தில் எல்லோரும் காட்டும் முறை. நானும் என் காருக்கு அப்படித்தான் செய்தேன். ஒரு தட்டையான தேக்குத் துண்டில் 400 எண் தாளைச் சுற்றித் தேய்த்தேன். கையில் தாளை வைத்துத் தேய்த்தால் விரல் எழுத்துகளுக்கு இடையே இறங்கிக் கறுப்பையும் அரித்துவிடும் என்பதால் கட்டை அவசியம். முடித்த அன்று அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் மழைக்காலம் முடிந்தபோது எழுத்துகளின் விளிம்பிலிருந்து கிளியர் கோட்டுக்கு அடியில் மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்கின. ஈர மண்ணில் புழு ஊர்ந்த தடம்போல, வளைந்து வளைந்து, தலைமுடி அளவு அகலத்தில், வெள்ளையாக. இதை நூல் அரிப்பு என்று சொல்லலாம். தேய்த்த எழுத்தின் விளிம்பில் கிளியர் கோட் மிக மெல்லியதாகத்தான் நிற்கும். உப்பும் ஈரமும் அந்த இடத்தில் ஒரு சிறு துளை வழியாக நுழைந்து, பெயின்ட் படலத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் அரித்துக்கொண்டே முன்னேறுகின்றன. அடியில் எட்ச் பிரைமர் இல்லாத வெற்று உலோகம் என்பதால் தடுக்க எதுவும் இல்லை. உள்நாட்டு ஊர்களில் இந்த முறை ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். காசிமேட்டுக் காற்று வீசும் தெருவில் நிறுத்தும் காருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உலோகம் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, பிரைமரும் கறுப்பும் அடியில் முழுமையாக இருக்க, அதன் மேல் வெள்ளி வண்ணத்தைப் பூசிக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை எஸ்டீம்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காந்தம் ஒட்டவில்லை, அலுமினியம்தான். உள்ளே தகடும் இருக்கிறது. காஸ்டிக் சோடா, மணல் இரண்டையும் விட்டுவிட்டேன். மூங்கில் குச்சியால் நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து நான்கு எழுத்துகளை மீட்டேன். பெயின்ட் கட்டியாகக் கழன்று வந்தபோது உள்ளே விளிம்பு புதிதாக வார்த்ததுபோல் கூர்மையாக இருந்தது.

இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. எழுத்துகளுக்குப் பிரஷ்ஷால் வெள்ளி பூசினால் பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. ஒரு பழைய மூடியில் முயன்று பார்த்தேன், கை நடுங்குகிறது. நேர்த்தியாகப் பூச வேறு வழி உண்டா? பவுடர் கோட்டிங் (பெயின்ட்டைப் பொடியாகப் படியவைத்து வேகவைப்பது) செய்துவிட்டால் இன்னும் உறுதியாக இருக்குமா?

வியாசர்பாடி பட்டறை:

பவுடர் கோட்டிங் உறுதியானதுதான். ஆனால் அதை 180 முதல் 200 டிகிரிவரை அடுப்பில் வேகவைப்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிலில் இருந்த வார்ப்பு அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ஆயிலையும் காற்றையும் வெளியே தள்ளும். அவை பூச்சில் ஊசித்துளைகளாக நின்றுவிடும். பூசுவதற்கு முன் வெறும் கவரை ஒரு முறை அடுப்பில் சூடேற்றி, மறுபடி சுத்தம் செய்து தரும் இடமாக இருந்தால் மட்டும் கொடுங்கள். பவுடர் சற்றுக் கனமாகவும் படியும். எழுத்துகளின் கூர்மை குறையும். உங்களுக்கு எழுத்துகள்தான் முக்கியம் என்பதால் பி.யூ. போதும் என்பது என் கருத்து. எதுவானாலும் கேஸ்கெட் பள்ளம், போல்ட் துளைகள், ஆயில் மூடியின் மரை, உள்பக்கம் ஆகியவற்றில் ஒரு துளி பெயின்ட்கூடப் படக் கூடாது. உள்ளே பட்ட பெயின்ட் பிறகு உரிந்து ஆயில் வழியை அடைக்கும்.

பெரம்பூர் வண்ணக்காரர்:

எழுத்துகளுக்குப் பிரஷ் வேண்டாம், தம்பி. அச்சுக்கூடத்தில் மை உருட்டுவதற்கு வைத்திருக்கும் சிறிய ரப்பர் உருளை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அது கெட்டியான ரப்பராக இருக்க வேண்டும். பஞ்சு உருளை பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

முதலில் கறுப்பையும் அதன் மேல் கிளியர் கோட்டையும் முடித்து ஒரு வாரம் முழுதாகக் காயவிடுங்கள். பிறகு எழுத்துகளின் மேல்முகத்தை மட்டும் கட்டையில் சுற்றிய 600 எண் தாளால் மினுமினுப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேயுங்கள். உலோகம் தெரியக் கூடாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளி எனாமலைத் தின்னர் கலக்காமல் அரைக் கரண்டி ஊற்றி, உருளையை அதில் முன்னும் பின்னும் உருட்டுங்கள். முதலில் பச்சக் பச்சக் என்று ஈரமான ஓசை வரும். கண்ணாடியின் சுத்தமான பகுதிக்குக் கொண்டுபோய் உருட்ட உருட்ட அது ஒட்டிப் பிரியும் மெல்லிய சரசரப்பாக மாறும். அந்த ஓசை வந்த பிறகுதான் எழுத்துகளின் மேல் அழுத்தாமல், உருளையின் எடை மட்டும் படும்படி ஓட்ட வேண்டும். ரப்பர் முத்திரையில் மை ஒட்டுவதுபோல் மேட்டில் மட்டும் பெயின்ட் ஏறும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். ஒரு நாள் விட்டு இரண்டாவது முறை ஓட்டுங்கள். வெள்ளி முழுமையாகத் தெரியும்.

இந்த எனாமலின் மேல் மறுபடி பி.யூ. கிளியர் அடித்துவிடாதீர்கள், அதிலுள்ள தின்னர் எனாமலைச் சுருக்கிவிடும். எழுத்துகள் மேலே திறந்தே இருக்கட்டும். இரண்டு மூன்று ஆண்டில் மங்கினால் கவரைக் கழற்றாமலேயே மறுபடி உருளையை ஓட்டிக்கொள்ளலாம்.

தண்டையார்பேட்டை எஸ்டீம்:

வேலை முடிந்தது. எல்லாம் சேர்ந்து பதினெட்டு நாட்கள் ஆயின. இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்கேனும் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கழுவும் வேலைதான் நினைத்ததைவிட நீண்டது. மூன்றாவது முறை வெயிலில் வைத்தபோதும் ஒரு போல்ட் துளையின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி ஆயில் கசிந்து நின்றது. நான்காவது முறைக்குப் பிறகே தண்ணீர் முத்தாக நிற்காமல் தாளாகப் பரவியது. கேன் தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாயே என்று அம்மா கேட்டார்கள். காரணத்தைச் சொன்னதும், எங்கள் போர் தண்ணீரில் குழாய்களே அரித்துப்போகும்போது இது எம்மாத்திரம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். எட்ச் பிரைமரும் பி.யூ. கறுப்பும் மாதவரத்தில் பூத் உள்ள ஓரிடத்தில் அடித்துக் கொடுத்தார்கள். உருளை முறையைப் பழைய மூடியில் ஆறேழு முறை பழகிவிட்டுத்தான் கவரில் தொட்டேன். ஓசை மாறும்வரை காத்திருக்கச் சொன்னது மிகச் சரியான அடையாளம்; ஒரு முறை பொறுக்காமல் ஓட்டியபோது ஓர் எழுத்தின் உள்வளைவில் வெள்ளி இறங்கிவிட்டது, ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குச்சியால் வழித்து எடுத்தேன்.

புதிய ரப்பர் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகக் குறுக்கு மறுக்காக இரண்டு சுற்றில் முடுக்கினேன். எண்ணூர் வரை போய்வந்து பானெட்டைத் திறந்தேன்; கசிவு இல்லை, ஆயில் மூடியைச் சுற்றித் துடைத்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது.

வியாசர்பாடி பட்டறை:

மகிழ்ச்சி. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில், எல்லாப் போல்ட்டுகளையும் ஒரு முறை சரிபாருங்கள். புது ரப்பர் சற்று அமர்ந்திருக்கும். தளர்ந்ததை மட்டும் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். இந்த அளவு போல்ட்டுகளுக்குப் பொதுவாகக் குறைந்த இறுக்கமே போதும். அதற்கு மேல் முடுக்கினால் ஹெட்டில் உள்ள அலுமினிய மரை கழன்றுவிடும். ஸ்பேனர் போல்ட் தலையைச் சுற்றியுள்ள பெயின்ட்டில் உராயாமல் இருக்க, அடியில் ஒரு சிறு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

தண்டையார்பேட்டை எஸ்டீம்:

அப்படியே செய்கிறேன், அண்ணா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பார்த்துவிட்டு எழுதுகிறேன்.